பத்து நாள் சாகக்கூடாத நாய்

நாய்க் காப்பகத்துக்கு என்னைப் பொறுப்பாளராக மாற்றியபோது, இது தண்டனை இல்லை என்று மேலதிகாரி இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தால் நம்பியிருப்பேன். அதற்கு முன்பு நான் பிறப்பு இறப்புச் சான்றிதழ் பிரிவில் இருந்தேன். ஓய்வு நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். அதில் ஒன்று, கையெழுத்துப் போடும்போது நாக்கைத் துருத்திக்கொள்ளும் ஓர் அதிகாரியைப் பற்றியது. அப்படிப்பட்டவர்கள் நாட்டில் ஏராளம் இருப்பார்கள் என்ற தைரியத்தில் எழுதிவிட்டேன். என் மேலதிகாரி ஒருவர்தான் இருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.

காப்பகம் திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில், கால்வாய்க் கரையில் இருந்தது. ஒரு பக்கம் கன்டெய்னர் அடுக்கும் யார்டு. மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைக் காற்று தீர்மானிக்கும். சில நாள் உரம், சில நாள் எண்ணெய், சில நாள் வெறும் சாக்கடை. தெரு நாய்களைப் பிடித்து வருவோம், கருத்தடை செய்வோம், அடையாளத்துக்குக் காதில் ஒரு சிறு முக்கோணம் வெட்டுவோம், தடுப்பூசி போட்டுப் பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் விடுவோம். அந்த வட்டாரத்தில் எங்களை யாரும் காப்பகம் என்று சொல்வதில்லை. நாய் ஜெயில் என்பார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள் அந்த நிறுத்தத்தை அப்படித்தான் கூவுவார்கள். இறங்கும்போது பக்கத்து சீட்டுக்காரர்கள் என்னை ஒரு கைதியைப் போலப் பார்ப்பார்கள்.

போன முதல் வாரத்தில் நான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். கூண்டுகள் நீள வரிசையாக இருந்தன, நடுவில் ஒரு கழிவுநீர் வாய்க்கால். அந்த வாய்க்காலின் மேட்டுப் பக்கத்தில் நோய்வாய்ப்பட்ட நாய்கள். பள்ளத்தில் அன்றுதான் ஆபரேஷன் முடிந்த நாய்கள். காலையில் ஹோஸ் குழாயைப் பிடித்தால், நோய் நாய்களின் கழிவு அத்தனை கூண்டுகளையும் நலம் விசாரித்துக்கொண்டே போய், கடைசியில் வயிற்றில் தையலோடு படுத்திருக்கும் நாயின் அடியில் தேங்கும். கூண்டுக்குள் நாய் இருக்கும்போதே தண்ணீர் அடிப்பார்கள். மார்கழியில் நனைந்த நாய் நடுங்கிக்கொண்டே சாகும். அதைக் குளிர் என்று எழுதுவார்கள்.

வாய்க்காலைத் திருப்பிப் போடச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினேன். நிதி இல்லை என்று பதில் வந்தது. வாய்க்காலைத் திருப்ப முடியாவிட்டால் நாயைத் திருப்பலாமே என்று, நோய் நாய்களைப் பள்ளத்துக்கும் மற்றவற்றை மேட்டுக்கும் மாற்றினேன். இதற்கு நிதி தேவைப்படவில்லை. நாய் இருக்கும் கூண்டில் தண்ணீர் அடிப்பதை நிறுத்தினேன். நோய்க் கூண்டுக்குத் தனி வாளி, தனித் துடைப்பம். வெளியாட்கள் கூண்டுப் பக்கம் வரக்கூடாது. அவர்கள் செருப்போடு வருகிற கிருமி செருப்போடு திரும்பிப் போவதில்லை.

நாய் பிடிக்கும் ஆட்களுக்குத் தலைவரை மேஸ்திரி என்போம். புளியந்தோப்புக்காரர். தோளில் வலையைப் போட்டுக்கொண்டு அவர் தெருவில் இறங்கினால், அந்தத் தெரு நாய்கள் அடுத்த தெருவுக்குத் தகவல் சொல்லும். என் சீர்திருத்தங்களை அவர் ஒரு கல்யாண வீட்டில் குழந்தை ஆடுவதைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நாயிக்கு இன்னா சார், வந்துச்சா, அறுத்தமா, வுட்டமான்னு போய்கினே இருக்கணும். நீ இன்னாமோ அதுங்களுக்கு வூடு பாத்துக் குட்த்தனம் வெக்கிற."

"சாவு குறையும்யா."

"கொறையும். ஆனா நாயி எதுன்னா சாகத்தான் சார் செய்யும். அது இன்னா பென்சன் வாங்கிகினா போவும்?"

சாவு குறைந்தது. நின்றது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் புது நாயோடு புது நோயும் ஏறி வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

எங்களிடம் இன்னொரு வேலையும் உண்டு. மனிதனைக் கடித்த நாயைத் தனிக் கூண்டில் வைத்துப் பத்து நாள் கவனிக்க வேண்டும். வெறிநோய் இருக்கிற நாய் கடித்திருந்தால், அந்தப் பத்து நாளுக்குள் நோய் முற்றிச் செத்துவிடும். பத்து நாள் கழித்தும் நன்றாக இருந்தால் கடிபட்டவர் பயப்பட வேண்டியதில்லை. விஞ்ஞானம் இதைச் சொல்லும்போது, அந்தப் பத்து நாளும் நாய் எங்கே தங்கியிருக்கும் என்று விசாரிக்கவில்லை. எங்கள் இடத்தில் வெறி இல்லாத நாயே பத்து நாள் தாக்குப்பிடித்தால் அது ஆரோக்கியம் என்பதைவிடப் பிடிவாதம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் கூண்டுக்கு ஒருநாள் காசிமேட்டிலிருந்து, காதில் பழைய முக்கோண வெட்டோடு, ஒரு செவலை நாய் வந்தது.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில், வாங்கிய மீனை வெட்டிச் சுத்தம் செய்து தருவதற்கென்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு கட்டை, ஒரு கத்தி, ஒரு கையகல இடம். அந்த இடத்துக்குப் பத்திரம் கிடையாது. சங்கத்துப் பெரியவர்கள் சொன்னால் அதுதான் பத்திரம். அங்கே உட்கார்ந்திருந்த ஒரு விதவையின் நாய் அது. அவள் புருஷன் கடலில் சாகவில்லை. கரையில், குடித்து, நிதானமாகச் செத்தான். அவன் தம்பி ஐஸ் உடைக்கிறவன். இடம் எங்கள் குடும்பத்து இடம், என் பெண்டாட்டி உட்காரட்டும் என்று ஒருநாள் வந்து அவளுடைய வெட்டுக் கட்டையைத் தூக்கி எறிந்தான். நாய் அவன் கெண்டைக்காலைக் கவ்வியது. அவன் கத்தியதை ஏலம் என்று நினைத்து இரண்டு பேர் ஓடி வந்தார்களாம்.

சண்டை சங்கத்துக்குப் போனது. இடம் யாருக்கு என்று பெரியவர்களால் முடிவு செய்ய முடியவில்லை. இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள், இரண்டு பக்கமும் ஓட்டு. நாய் பத்து நாள் கண்காணிப்பில் இருக்கும் என்று யாரோ சொன்னதும் அவர்களுக்கு வழி கிடைத்துவிட்டது. நாய்க்கு வெறி என்றால், ஜனம் நடமாடுகிற இடத்தில் வெறிநாயை வைத்திருந்த குற்றத்துக்கு அவள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். நாய் பத்து நாள் தாண்டிவிட்டால் புத்தியுள்ள நாய்தான் அவனைக் கடித்திருக்கிறது. அவன் இனி அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. நாட்டில் எத்தனையோ வகை நீதிமன்றங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். தீர்ப்பைச் சொல்லும் பொறுப்பை ஒரு நாயின் குடலிடம் விட்டு, அந்தக் குடலை என்னிடம் விட்டது இவர்கள்தான்.

இப்படித்தான் அந்த இரண்டு பேரும் எங்கள் கேட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். நாய் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அவள். செத்துவிட்டதா என்று பார்க்க அவன்.

அவள் நாயை நைனா என்று கூப்பிடுவாள். மைத்துனனை நாயே என்று கூப்பிடுவாள். இதில் அவள் ஒருநாளும் தடுமாறியதில்லை.

"சார், என் நைனா சோறு துன்னாது சார். பொறந்ததிலிருந்து மீனுதான். இந்தா, தலையும் செவுளும் கீது, கொண்டுபோய்ப் போடு."

எங்கள் நாய்களுக்குக் கோழிக் கழிவும் அரிசியும் மஞ்சளும் போட்டு வேகவைத்த ஒரு சோறு தருவோம். நான் ருசி பார்த்ததில்லை. வாசனையை வைத்துச் சொன்னால், எங்கள் தலைமை அலுவலக கேன்டீன் சாம்பாருக்குத் தூரத்து உறவு. செவலை அதை முகர்ந்துகூடப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டது. வெறிநாயும் சாப்பிடாது, பட்டினி கிடக்கும் நாய்க்கு வெறி என்று யாராவது எழுதிவிடக்கூடும். அதனால் அவள் தரும் மீனை கேட்டில் வாங்கிக் கூண்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அவளை மட்டும் உள்ளே விடவில்லை. வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று நானே எழுதி மாட்டிய பலகையின் அடியில் நின்றுதான் அவளிடம் பேசுவேன்.

அவன் கேட்டின் மறுபக்கத் தூணில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருப்பான். காலில் ஒரு கட்டு. கடித்த அன்று காயத்தில் மிளகாய்த் தூள் அப்பியிருக்கிறான். பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறான். அதோடு சரி. மீதி ஊசிகளுக்குப் போகவில்லை. எங்களுக்கு ஒப்பந்தத்தில் வருகிற ஓர் இளம் கால்நடை டாக்டரம்மா உண்டு. அவர் கேட்டில் அவனைப் பார்க்கும்போதெல்லாம் பிடித்துக்கொள்வார்.

"அண்ணே, மீதி ஊசி போட்டீங்களா இல்லையா?"

"போட்டுக்கலாம் டாக்டரு. நாயி செத்தா சொல்லி அனுப்பு, ஓடியாந்து போட்டுக்குறேன்."

"அது சாகணும்னு நிக்கறீங்க. செத்தா அடுத்தது நீங்கதான், தெரியுமா?"

அந்தப் பக்கத்திலிருந்து அவள் சொன்னாள்: "அவனுக்கு வெறி புடிச்சா மட்டும் இன்னா தெரியப் போவுது டாக்டரம்மா? இப்பவே அப்டித்தான கீறான்."

"தோ பாரு, உன் நாயிக்கு மாலை வாங்கி வெச்சுட்டேன்."

"அத்த உன் கழுத்துல போட்டுக்கோ. இன்னொருதபா எவன் போடப் போறான்?"

வாட்ச்மேன் இரண்டு பேருக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ரசிப்பான். டீக்கடைக்காரர்கூட கிளாஸ் அடுக்கிய கம்பிக் கூடையோடு அந்த நேரத்துக்குத்தான் வருவார்.

எனக்கு அந்த நாய்மேல் பாசம் எதுவும் இல்லை. அது என்னைப் பார்த்து உறுமும், நான் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். ஆனால் ஒரு பெண்ணின் பிழைப்பு என் கூண்டில் படுத்து மீன் தலை தின்றுகொண்டிருந்தது. வாளியையும் துடைப்பத்தையும் மாற்றிவிட்டு நிர்வாகத்தில் ஏதோ சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு இது பரீட்சை மாதிரி இருந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னேன். "இதோ பாருய்யா. எது செத்தாலும் இந்த நாய் சாகக்கூடாது. பத்து நாள் முடியும்போது கூண்டுக்குள் ஒரு செவலை நாய் உயிரோட நிக்கணும்."

"நிக்கும் சார்," என்றார் மேஸ்திரி.

கெடு முடிய இன்னும் மூன்று நாளோ நான்கு நாளோ இருக்கும்போது பெரிய மழை பிடித்தது. சடையங்குப்பம் பக்கம் தண்ணீர் ஏறி, மேட்டில் ஒதுங்கிய நாய்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். டாக்டரம்மாவால் வர முடியவில்லை. என்னைத் தலைமை அலுவலகத்தில் ஒரு பயிற்சிக்கு உட்கார வைத்துவிட்டார்கள். பேரிடர் காலத்தில் பணியிடத்தில் இருப்பது எப்படி என்பது பயிற்சியின் பொருள்.

மழை விட்டுத் திரும்பி வந்த அன்று முதல் வேலையாக அந்தக் கூண்டுக்குப் போனேன். செவலை எழுந்து நின்று வாலை ஆட்டியது. உறுமவில்லை. சோற்றுத் தட்டை வழித்து நக்கியிருந்தது. நான் பார்க்கும்போதே, காலியான தட்டை மூக்கால் தள்ளி இன்னும் கொஞ்சம் கேட்டது.

காதில் முக்கோணம் வெட்டிய காயம் புதிதாக இருந்தது. மற்றபடி செவலைதான். இந்த ஊரில் பாதி நாய் செவலைதான்.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "இது எந்த நாய்?"

"காசிமேட்டு நாயி சார்."

"சோறு தின்னுது."

"பசி வந்தா துன்னும்ல."

"மேஸ்திரி."

அவர் வலையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். "அது செத்துட்சு சார். மய அன்னிக்குக் காலீல. வலிப்பு வந்து இஸ்துகினு, வாயெல்லாம் நொர தள்ளி, கம்பியக் கடிச்சுகினு செத்துச்சு. ரொம்ப பேஜாராப் பூட்டுது. நீதான சொன்ன, உசுரோட ஒரு செவல நிக்கணும்னு. சடையங்குப்பம் வண்டில ஒண்ணு கெட்ச்சுது. காத வெட்டி உள்ள வுட்டேன். நின்னுகினுதான கீது?"

சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஊழியர் அமைய வேண்டும் என்று அரசாங்கத்தில் எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள். எனக்கு அமைந்துவிட்டார்.

"பிணம் எங்கே?"

"சுண்ணாம்புக் குழில சார். மத்த சாவோட சேத்துப் பொதச்சாச்சு. மயைல எது எதுன்னு இப்போ தோண்டி இன்னா தெரியும்?"

"அந்தம்மா தினம் தந்த மீன்?"

மேஸ்திரி கால்வாயைப் பார்த்தார். அவர் வீட்டில் குழம்பாகியிருக்கிறது.

டாக்டரம்மா வந்ததும் சொன்னேன். அவர் முதலில் மேஸ்திரியைத் திட்டினார், பிறகு என்னை, பிறகு தன்னை. வலிப்பு, நுரை, கம்பியைக் கடிப்பது எல்லாம் வெறிநோயிலும் வரும், நாய்களுக்கு வருகிற இன்னொரு காய்ச்சல் மூளைக்கு ஏறினாலும் வரும் என்றார். அந்தக் காய்ச்சல் எங்கள் கூண்டுகளில் ஏராளமாக இருந்தது. எது என்று தெரிய மூளையைப் பரிசோதிக்க வேண்டும். மூளை சுண்ணாம்புக் குழியில் நனைந்துகொண்டிருந்தது.

"தெரியாதுன்னா ஆமான்னுதான் வெச்சுக்கணும் சார். நாயைத் தொட்டவங்க எல்லாரும் ஊசி போடணும். கடிபட்டவர் மீதி ஊசிய உடனே முடிச்சாகணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

சொன்னால் நாய் செத்தது வெளியே வரும். நாய் செத்தால் இடம் அவனுக்கு. சொல்லாவிட்டால் இடம் அவளுக்கு, அவன் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். டாக்டரம்மா ஒரு நாள்தான் தந்தார்.

மறுநாள்தான் கெடு முடிகிற நாள். சங்கத்திலிருந்து இரண்டு பெரியவர்கள் வெள்ளைச் சட்டையில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவள் வந்தாள். அவன் வந்தான். மேஸ்திரி சடையங்குப்பத்து நாயைக் கயிற்றில் கட்டி கேட்டுக்கு அழைத்து வந்தார். பலகைக்கு அடியில் நின்றுகொண்டு, அவள் கத்தப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் கத்தினால் எனக்கு வேலை மிச்சம் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

அவள் நாயைப் பார்த்தாள். கண் அதன் காதுக்குப் போயிற்று, வாலுக்குப் போயிற்று, அங்கிருந்து என் முகத்துக்கு வந்தது. அங்கே ஒரு கணம் நின்றது. மீன் வெட்டுகிறவர்கள் எந்த மீனை எங்கே பிளப்பது என்று பார்க்கிற பார்வை. பிறகு இடுப்புப் பையிலிருந்து ஒரு சங்கரா மீனை எடுத்து நீட்டினாள்.

"வா நைனா. எளச்சுப் பூட்டியேடா என் ராஜா."

சடையங்குப்பத்து நாய்க்கு அதுவரை முழு மீனை யாரும் நீட்டியிருக்க மாட்டார்கள். கயிற்றோடு மேஸ்திரியையும் இழுத்துக்கொண்டு போய் அவள் காலடியில் விழுந்தது.

"இது அது மாரி இல்லியே," என்றான் மைத்துனன். "அது மூஞ்சி வேற மாரி இருந்துச்சே."

"உன்னக் கடிச்சா மூஞ்சி மாறாதா? உன் ரத்தம் அதுக்கு ஒத்துக்கல. பேதியாயிருக்கும்."

பெரியவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். ஒரு வழக்கில் நீதிபதி சிரித்துவிட்டால் அதற்குமேல் வாதம் இல்லை. "நாயி நல்லாகீதுப்பா. நீ போய் ஐஸ ஒட. இனிமே அந்தாண்ட வராத," என்று முடித்துவிட்டார்கள். அவன் தூணில் பீடியை நசுக்கிவிட்டு, கட்டுப் போட்ட காலை வேண்டுமென்றே நொண்டிக்கொண்டு போனான்.

எல்லோரும் போன பிறகு அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"என்து எங்க?"

"செத்துப்போச்சும்மா. மழை அன்னிக்கு."

"எப்டி?"

"வலிப்பு."

"வெறியா?"

"தெரியாது. இருந்தாலும் இருக்கலாம்."

அவள் கீழே உட்கார்ந்திருந்த நாயைப் பார்த்தாள். அது அவள் புடவையின் மீன் செதிலை நக்கிக்கொண்டிருந்தது. காலால் அதைத் தள்ளிவிட்டாள். "வலிப்பு வந்தப்போ யாரு கூட இருந்தாங்க?"

யாரும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேஸ்திரி இருந்ததாகச் சொன்னேன். உண்மைதான், நாய் சாவதற்காக அவர் காத்திருந்தார்.

"என்ன உள்ள வுட்டிருந்தா நான் மடில போட்டுகினு இருந்திருப்பேன்," என்றாள். பலகையை அவளுக்குப் படிக்கத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. நான் அதை மறைத்துக்கொண்டு நின்றேன். பிறகு விஷயத்துக்கு வந்தேன். மைத்துனனிடம் இன்றைக்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும், டாக்டரம்மா விடமாட்டார், ஒரு உயிர் விஷயம், இப்படி.

"சொன்னா எடம் பூடும்."

"சொல்லலைன்னா அவர் செத்தாலும் செத்துடுவார்மா."

அவள் உதட்டைப் பிதுக்கினாள். செத்தால் நல்லது என்று சொல்லப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கு ஒரு பதிலும் தயாரித்து வைத்திருந்தேன். மனித உயிரின் மேன்மை பற்றி, கொஞ்சம் நீளமானது. அது தேவைப்படவில்லை.

"அவன் செத்தா அவன் பொண்டாட்டி முண்டச்சி ஆயிடுவா," என்றாள்.

"ஆமாம்."

"இன்னா ஆமாங்கற? எங்க துறையில, தாலி அறுத்தவ வந்து கேட்டா எடம் இல்லன்னு சொல்ல மாட்டாங்க. குடும்பத்து எடத்துல பாதி வெட்டிக் குட்த்துடுவாங்க. எனக்கே அப்டித்தான் குட்த்தாங்க. அவ கொயந்த குட்டியோட வந்து என் தொடையாண்ட கட்டையப் போட்டு குந்துவா. அவ வாயி உனக்குத் தெரியாது சார். இவனாவது கட்டையத்தான் தூக்கிப் போட்டான்." கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். "நீ வாய மூடிகினு இரு. அவன நான் இட்டுகினு போறேன். சாவ வுட்டுருவனா நானு?"

அன்றைக்கே டாக்டரம்மாவோடு காசிமேட்டுக்குப் போனேன். உண்மை ஒருவேளை வெளியே வர வேண்டியிருந்தால், டாக்டரம்மா சொல்வார், நான் பக்கத்தில் நிற்கலாம் என்று. நாங்கள் போவதற்கு முன்பே அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, ஐஸ் மில் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சுற்றிக் கூடை தூக்குகிறவர்கள், வலை பின்னுகிறவர்கள், வேலை இல்லாதவர்கள்.

"தோ பாருங்க, நான் போட்டுகினேன்! என்னக் கடிக்கவேயில்ல, தடவிக் குட்த்ததுக்கே போட்டுகினேன். பொம்பள! கடி வாங்கின ஆம்பள எங்கடா?"

உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. "நாயிதான் நல்லாகீதே! நான் இன்னாத்துக்கு போட்டுக்கணும்?"

"ஊசின்னா மூத்திரம் போற பயம் உனக்கு. அன்னிக்கு ஒண்ணு போட சொல்லோ நர்ஸம்மா கையப் புட்ச்சுகினு அய்தியாமே? துறை முய்க்கத் தெரியும்!"

கூட்டம் சிரித்தது. அழுதானா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் இனி எல்லோருக்கும் தெரியும். ஐஸ் உடைக்கும் கம்பியோடு அவன் வெளியே வந்தான். முகம் சிவந்திருந்தது.

"எவடீ சொன்னா அய்தேன்னு?"

"அயலியா? அப்போ வா. எல்லாரும் பாக்கத்தான போறோம். டேய், கூட ரெண்டு பேர் வாங்கடா, மாமு கைய நீட்றானா கண்ண மூட்றானான்னு பாருங்க."

கம்பியை எறிந்துவிட்டு அவன் நடந்தான். இந்தத் தடவை நொண்ட மறந்துவிட்டான். பின்னால் அவள், அவளுக்குப் பின்னால் பாதித் துறைமுகம். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நேர்மைக்கும் எனக்கும் நடுவில் நடக்கவிருந்த அந்தப் பெரிய போராட்டத்தை யாரோ ஒரு பெண் ரவிக்கைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து முடித்துவைத்துவிட்டாள். எனக்கு ஏமாற்றமா நிம்மதியா என்று கேட்டால், நிம்மதிதான். வெட்கமில்லாத நிம்மதி.

மீதி ஊசிகளுக்கும் அப்படியே நடந்தது. அவளுக்குப் போட வேண்டிய நாளில் அவனையும் கிளப்பிக்கொண்டு போவாள். ஒவ்வொரு தடவையும் ஊரைக் கூட்டி ஒரு புதுக் காரணம் சொல்லி அவமானப்படுத்துவாள். கடைசி ஊசி அன்று நர்ஸ் அவர்களைப் புருஷன் பெண்டாட்டி என்று நினைத்து, வீட்டுக்காரரை இவ்வளவு அக்கறையாகக் கூட்டிவருகிறீர்களே என்று சொல்லிவிட்டாராம். அவள் அங்கேயே காறித் துப்பியிருக்கிறாள். அதற்கும் ஆஸ்பத்திரியில் திட்டு வாங்கியிருக்கிறாள்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. செவலை எதில் செத்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மேஸ்திரியை நான் வேலையிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் ஏன் என்று எழுத வேண்டியிருக்கும். கேட்டில் இருந்த பலகையை மட்டும் கழற்றிவிட்டு, நாயின் ஆட்கள் தினமும் ஒரு முறை காலைக் கழுவிவிட்டு உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று மாற்றினேன். மேலிடத்திலிருந்து வந்தவர்கள் இது எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது என்று கேட்டார்கள். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போனேன். அவள் அதே இடத்தில்தான் இருந்தாள், கட்டைக்குப் பின்னால் சடையங்குப்பத்து நாய் படுத்திருந்தது. வஞ்சிரத்தை நீட்டினேன். காசு வேண்டாம் என்றெல்லாம் சொல்லவில்லை. மற்றவர்களிடம் வாங்குவதைவிடக் கொஞ்சம் கூடவே கேட்டாள். வெட்டிக்கொண்டிருக்கும்போது, படகு கட்டும் மேடைப் பக்கம் மைத்துனன் தள்ளாடிக்கொண்டு ஒரு ஃபைபர் படகில் ஏறப்போனான். காலையிலேயே போட்டிருந்தான்.

அவள் கத்தியைக் கட்டையில் குத்திவிட்டு எழுந்து ஓடினாள். என் மீன் பாதியில் கிடந்தது. அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்து மேடையில் தள்ளி, முதுகில் நாலு வைத்தாள். "குடிச்சுட்டு தண்ணீல ஏறுவியா? ஏறுவியா? உய்ந்து செத்தா யாரு அயுவுறது? உன் பொண்டாட்டியா?" அவன் கும்பிட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தான். அண்ணிதான் எனக்குத் தெய்வம் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னான். என் பக்கத்தில் கூடையோடு நின்ற கிழவர் தலையை ஆட்டினார். "அன்னிக்கி நாயச் சாக்கு வெச்சு அட்ச்சுகினாங்க. பாரு சார், பாசம் எங்க போவும்?"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். கத்தியைப் பிடுங்கினாள்.

"எத்தினி வருசம் சார் இவனக் காவல் காக்குறது?" என்றாள் என்னிடம், நிமிராமல். "கடல்ல உய்றான், லாரில போய் இடிக்கிறான், சாராயத்தக் குட்ச்சு ரோட்ல படுக்குறான். எனக்கு முன்னாடி பூட்டான்னா அவ வந்து குந்திடுவா. நாயா இருந்தாலாவது உன் வண்டியக் கூப்ட்டு ஏத்திவுட்டுருப்பேன்."

பிறகு வஞ்சிரத்தின் தலையை வெட்டி என் பையில் போடாமல் தன் பக்கம் ஒதுக்கிவைத்தாள்.